மூன்றாவது சண்டைக்கு மிச்சம் என்ன? ஒரே இரவு மிடில்வெயிட் இறுதிப்போட்டிகள் பற்றி

கேட்டது இதுதான்: "2007 கே-1 வேர்ல்ட் மேக்ஸ் இறுதிப்போட்டியின் பதிவைப் பார்த்தேன். காலிறுதியில் புவாக்காவையே வீழ்த்தி, அரையிறுதியில் நாக்அவுட்டும் செய்த மசாட்டோ, இறுதியில் ஆண்டி சௌவரிடம் இரண்டே ரவுண்டில் முடிந்துபோனார். அவ்வளவு பெரிய வித்தியாசம் இருவருக்கும் உண்டா? ஒரே இரவில் மூன்று சண்டை போட வைப்பது நியாயமான போட்டிதானா? அப்புறம், 70 கிலோவை ஏன் மிடில்வெயிட் என்கிறார்கள்?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்னது. கிக்பாக்ஸிங்கில் எடைப்பிரிவின் பெயர்களை நம்பவே கூடாது. குத்துச்சண்டையில் மிடில்வெயிட் என்றால் 160 பவுண்டு, அதாவது 72.5 கிலோ சொச்சம். உலகம் முழுக்க அதுவே. கிக்பாக்ஸிங்கில் அப்படி ஒரே அமைப்பு கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். குளோரியில் மிடில்வெயிட் 85 கிலோ, 70 கிலோக்காரர் அங்கே லைட்வெயிட். ஒன் சாம்பியன்ஷிப்பில் அதே ஆட்கள் ஃபெதர்வெயிட். ஜப்பானின் கிக்பாக்ஸிங் நிறுவனமான கே-1 மட்டும் 2002-ல் 70 கிலோவுக்கு உலகத் தொடர் தொடங்கியபோது அதை மிடில்வெயிட் என்றது. மேக்ஸ் என்ற பெயரின் முதல் எழுத்தே மிடில்வெயிட்டுக்குத்தான். அதுவரை கே-1 என்றாலே ஹெவிவெயிட் ராட்சதர்கள் என்று இருந்ததால், அவர்களுக்குக் கீழே இருப்பவர் எல்லாம் 'நடு எடை' என்று ஆகிவிட்டது. ஆகவே பழைய பதிவுகளைத் தேடும்போது பெயரை விட்டுவிட்டு கிலோவைப் பாருங்கள்.

சரி, ஜப்பானின் மசாட்டோவுக்கு வருவோம்.

2007 அக்டோபர் 3, டோக்கியோ நிப்பான் புடோகான். எட்டுப் பேர், ஒரே இரவு. வெல்ல வேண்டுமென்றால் மூன்று சண்டை. மசாட்டோவுக்குக் காலிறுதியிலேயே வாய்த்தது தாய்லாந்தின் புவாக்காவ் போர் பிரமுக். 2004-லும் 2006-லும் பட்டம் வென்றவர், அந்த நேரத்தில் அந்த எடையில் பலரும் பயந்த ஆள். மசாட்டோ முதல் ரவுண்டிலேயே ஒரு நேர்க்குத்தால் அவரைக் கீழே உட்கார வைத்தார், பிறகு மூன்று ரவுண்டும் தாக்குப்பிடித்து நடுவர்களின் தீர்ப்பில் வென்றார். அரையிறுதியில் உக்ரைனின் ஆர்தர் கிஷென்கோவை இரண்டாவது ரவுண்டில் நாக்அவுட். இறுதியில் சௌவர். இரண்டாவது ரவுண்டு முடிந்ததும் மசாட்டோவின் கார்னரே, அதாவது அவருடைய சொந்தப் பயிற்சியாளர் குழுவே, போதும் என்று நிறுத்திவிட்டது.

இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நீங்கள் கேட்ட கேள்விதான் வரும். ஒரே சண்டையாகப் பாருங்கள். மசாட்டோவின் இறுதிப்போட்டி, புவாக்காவ் முதல் உதையை அவர் தொடையில் இறக்கியபோதே தொடங்கிவிட்டது. தாய்லாந்து வீரர்களின் உதை புள்ளிக்காகத் தொட்டுவிட்டுப் போவதல்ல, கணைக்கால் எலும்பை முழங்காலுக்கு மேலே தொடையின் வெளிப்பக்கத்தில் பதிக்கும் அடி. வாங்கும்போது ஆள் சமாளித்துவிடுவார். உடம்பு சூடாக இருக்கும், அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கும், அரங்கமே பெயரைச் சொல்லிக் கத்தும். விஷயம் இடைவேளையில்தான் நடக்கிறது.

அடிபட்ட தொடைத் தசைக்குள் ரத்தம் கசியும், வீக்கம் ஏறும். உடம்பு ஆறியதும் அந்தத் தசை இறுகிக்கொள்ளும். முழங்காலை முழுதாக மடக்க வராது, காலை ஊன்றித் திரும்பவும் முடியாது. மைதான விளையாட்டுகளில் தொடையில் இப்படி ஒரு பலத்த அடி விழுந்தால், முழங்காலை நன்றாக மடக்கிய நிலையில் கட்டி, 24 மணிநேரம் வரை அப்படியே வைப்பது மருத்துவர்களின் வழக்கமான முறை. இங்கே அந்த ஆளுக்குக் கிடைப்பது ஒரு ஐஸ் பையும், நாற்காலியும், 'அடுத்தது நீங்கள்தான்' என்று கதவைத் தட்டும் ஊழியரும்.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று சண்டை, மும்மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிடம். மொத்தம் 27 நிமிடம். குத்துச்சண்டையின் உலகப் பட்டப் போட்டி 12 ரவுண்டு, 36 நிமிடம். நிமிடக் கணக்கில் இது குறைவு! ஆகவே 'மூன்று சண்டை போட்டால் மூச்சு வாங்கத்தானே செய்யும்' என்று எளிதாகச் சொல்லிவிடுவது பாதிதான் சரி. நல்ல பயிற்சியில் இருக்கும் ஆளுக்கு மூச்சு அரைமணி நேரத்தில் திரும்பிவிடும். திரும்பாதது தசை, எலும்பு, கை முட்டி. இன்னொன்று: குத்துச்சண்டையில் நீங்கள் எட்டாவது ரவுண்டில் களைத்திருந்தால் எதிராளியும் அதே எட்டு ரவுண்டை உங்களோடு சேர்ந்து போட்டுக் களைத்திருப்பார். இருவரின் கணக்கும் ஒரே புத்தகத்தில் இருக்கும். இங்கே அப்படியில்லை. உங்களுக்குக் காலிறுதியில் முன்னாள் சாம்பியன் வாய்க்கலாம், எதிர்ப்பக்கம் இருப்பவர் தன் ஆளை ஒரு நிமிடத்தில் படுக்க வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம். அரையிறுதிகளில் முதலாவதில் ஆடியவருக்கு, இரண்டாவதில் ஆடியவரைவிட ஓய்வு நேரமும் கூடுதல். நடுவில் சேர்க்கும் தனிச் சண்டைகள் இந்த இடைவெளியைக் கொஞ்சம் ஈடுகட்டும். முழுதாக ஈடாகாது.

இதற்கு வெறும் பேச்சு போதாது, சோதித்துப் பார்க்க வழி உண்டா என்று கேட்பீர்கள். மசாட்டோ–சௌவர் ஜோடியில் ஏறக்குறைய ஒரு சோதனையே நடந்திருக்கிறது. எனக்கு இந்தத் தொடரிலேயே மிகப் பிடித்த விஷயம் இது.

2007-ல் இருவரும் சந்தித்தது மசாட்டோவின் அன்றைய மூன்றாவது சண்டையில். மசாட்டோ தோற்றார். 2008-ல் கே-1 முறையைக் கொஞ்சம் மாற்றியது: காலிறுதிகளை ஜூலையிலேயே முடித்துவிட்டு, அக்டோபர் 1 அன்று அதே புடோகானில் அரையிறுதிகளும் இறுதியும் மட்டும். அன்று மசாட்டோ–சௌவர் மோதியது அரையிறுதியில், அதாவது இருவருக்கும் அன்றைய முதல் சண்டை. மூன்று ரவுண்டில் பிரிக்க முடியவில்லை, கூடுதல் ரவுண்டில் மசாட்டோ வென்றார். பிறகு 2009 டிசம்பர் 31, சைத்தாமா சூப்பர் அரீனா. மசாட்டோவின் ஓய்வுச் சண்டை. எதிராளி மறுபடியும் சௌவர். இருவருக்கும் அன்று அது ஒன்றே சண்டை, ஐந்து ரவுண்டு. மசாட்டோ தெளிவாக வென்றார்.

மூன்றாவது சண்டையாக வந்தபோது தோல்வி, முதல் சண்டையாக வந்தபோது நூலிழை வெற்றி, ஒரே சண்டையாக வந்தபோது ஐயமில்லாத வெற்றி. பார்ப்பதற்குப் பாடநூல் உதாரணம் போல இருக்கிறது. ஆனால் இதில் நானே ஓர் ஓட்டை போட்டாக வேண்டும். 2006 அரையிறுதியிலும் சௌவர் மசாட்டோவை வென்றிருக்கிறார். அது அன்றைய இரண்டாவது சண்டை, இருவரும் ஒரே படியில் நின்றிருந்தார்கள். ஆகவே 'களைப்பினால் மட்டும்தான் தோற்றார்' என்று சௌவரின் பெருமையைக் குறைக்க முடியாது. இடைப்பட்ட இரண்டு மூன்று ஆண்டுகளில் மசாட்டோ வளர்ந்தார் என்பதும் உண்மை. இருந்தாலும் 2007-ன் அந்த இரண்டு ரவுண்டு, இருவரின் திறமைக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் காட்டவில்லை. அது அன்றைய இரவின் கணக்கைக் காட்டியது.

சௌவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். நெதர்லாந்துக்காரர். அழகான ஆட்டக்காரர் என்று யாரும் அவரைச் சொல்வதில்லை. உயரமும் கிடையாது. கையை உயர்த்திக் கட்டிக்கொண்டு, நெருங்கி வந்து, இரண்டு மூன்று குத்துகளைக் கார்டின் மேல், அதாவது முகத்தைக் காக்கும் கைகளின் மேல், தட்டி, எதிராளி கையை மேலே தூக்கிய நொடியில் கீழே தொடையில் ஒரு லோ கிக். மறுபடியும் அதே. மறுபடியும் அதே. டச்சுப் பாணி என்று சொல்வது இதைத்தான்: குத்தில் தொடங்கி உதையில் முடிக்கும் தொடர் அடி. ஒரே சண்டையாக இருந்தால் இதன் பலன் தெரிய நான்கு ஐந்து ரவுண்டு ஆகலாம். மற்றவர்கள் ஏற்கனவே உதைத்து வைத்த காலை உதைக்கக் கிடைத்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஒரே இரவுப் போட்டி என்ற வடிவத்துக்கென்றே செய்து வைத்த பாணி. இன்னொரு விஷயமும் உண்டு. சௌவர் ஜப்பானின் ஷூட் பாக்ஸிங்கில் எஸ்-கப் பட்டத்தை நான்கு முறை வென்றவர். அதுவும் ஒரே இரவில் பல சண்டை போடும் போட்டிதான். அங்கே தூக்கி எறிவதும் உண்டு. ஒரு இரவை எப்படிச் செலவழிப்பது என்று அந்த மனிதருக்கு ரத்தத்திலேயே தெரியும்.

'செலவழிப்பது' என்று தெரிந்தேதான் எழுதினேன். ஒரே இரவுப் போட்டியில் வீரர் கையில் ஒரு தொகையோடு வருகிறார். முதல் சண்டையில் எவ்வளவு செலவழிக்கிறார் என்பதே மூன்றாவதைத் தீர்மானிக்கிறது. இந்தக் கண்ணோடு மற்ற மேக்ஸ் இறுதிப்போட்டிகளைப் பார்த்தால் பல புதிர்கள் அவிழும்.

2002-ல் முதல் பட்டத்தை வென்ற ஆல்பர்ட் க்ராஸ், நெதர்லாந்தின் இன்னொரு ஆள், குத்தையே நம்பியவர். இறுதியில் தாய்லாந்தின் காவ்லானை முதல் ரவுண்டிலேயே குத்தால் முடித்தார். தாய்லாந்து வீரர் என்றாலே எல்லாரையும் ஊதித்தள்ளிவிடுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது அதிர்ச்சி. அவர்கள் ஊர் முய்தாய் சண்டை ஐந்து ரவுண்டு, முதல் இரண்டில் நோட்டம் பார்ப்பார்கள், மூன்று நான்கில்தான் சூடு பிடிக்கும். மூன்று ரவுண்டு ஆட்டத்தில் நோட்டம் பார்க்க நேரமில்லை. முழங்கை அடி கிடையாது, கட்டிப்பிடித்து மல்லாடுவதற்கும் கட்டுப்பாடு. தாய்லாந்துக்காரரின் பணப்பையில் பாதி நாணயம் இங்கே செல்லாது.

2003-ல் மசாட்டோ அதே க்ராஸை நாக்அவுட் செய்து முதல் பட்டம் வாங்கினார். அது சொந்த நாட்டு ரசிகர்களின் கனவு. கே-1 மேக்ஸ் ஜப்பானில் தொலைக்காட்சி நட்சத்திரங்களின் விளையாட்டாக மாறியதற்கு அந்த ஒரு இரவு பெரிய காரணம்.

2004 ஜூலை 7 அன்று புவாக்காவ் வந்தார். 22 வயது, தாய்லாந்தின் சுரின் மாகாணத்துப் பையன். ஜப்பான் ரசிகர்களுக்கு அதிகம் அறிமுகமில்லாதவர். ஆஸ்திரேலியாவின் ஜான் வேய்ன் பார், ஜப்பானின் கொஹிருய்மாக்கி, கடைசியில் மசாட்டோ. கொஹிருய்மாக்கியை முழங்காலால் முடித்தார். இறுதியில் மசாட்டோவை நெஞ்சிலும் வயிற்றிலும் முன்னுதை போட்டுத் தள்ளிக்கொண்டே இருந்தார். அந்த முன்னுதையைத் தாய் மொழியில் 'தீப்' என்பார்கள். பார்க்க ஒன்றும் இல்லாதது போல இருக்கும், ஆனால் எதிராளி வரும் வேகத்தையே அவருக்கு எதிராகத் திருப்பிவிடும், உதைப்பவருக்குச் செலவும் மிகக் குறைவு. மூன்று ரவுண்டு முடிவில் சமன் என்று அறிவித்தார்கள். அதில் பலருக்கும் இன்றுவரை சம்மதமில்லை, எனக்கும்தான். கூடுதல் ரவுண்டில் புவாக்காவ் வென்றார். பிறகு கே-1 கிளிஞ்ச் விதியை இறுக்கியது. பிடித்துக்கொண்டு முழங்காலால் தொடர்ந்து இடிப்பது இனி ஆகாது என்றானது. ஆட்டம் வேகமாக ஓட வேண்டும் என்பது அவர்கள் தரப்புக் காரணம். புவாக்காவின் கையைக் கட்டத்தான் என்பது ரசிகர்களின் பேச்சு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம்.

அவர் பதில் சொன்ன விதம்தான் அழகு. 2005 இறுதியில் சௌவரிடம் இரண்டு கூடுதல் ரவுண்டு வரை போய், நடுவர்கள் பிரிந்து தந்த தீர்ப்பில் தோற்றார். ஐந்து ரவுண்டு, அதுவும் அன்றைய மூன்றாவது சண்டையாக. 2006-ல் அதே சௌவரோடு மறுபடியும் இறுதி. இந்த முறை முழங்காலை நம்பவில்லை, குத்துகளாலேயே இரண்டாவது ரவுண்டில் கதையை முடித்தார். விதி ஒரு கதவைச் சாத்தினால் மனிதன் வேறு கதவைக் கற்றுக்கொள்கிறான்.

2008 இறுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சௌவரோடு நான்கு ரவுண்டு போட்டுவிட்டு வந்த மசாட்டோவுக்கு எதிரே, முந்தைய ஆண்டு அவரே நாக்அவுட் செய்த கிஷென்கோ. 21 வயது. இரண்டாவது ரவுண்டில் கிஷென்கோவின் குத்தில் மசாட்டோ விழுந்தார். எழுந்தார். மூன்றாவது ரவுண்டில் ஈடுகட்டி சமன் வரை கொண்டுவந்தார், கூடுதல் ரவுண்டில் வென்றார். எட்டு ரவுண்டு, ஒரு வீழ்ச்சி, பட்டம். நான் முதலில் சொன்ன கணக்குக்கு இது பொருந்தாது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். கையில் காசே இல்லாமல் கடைக்குப் போய் பொருளோடு திரும்பிய ஆள் அவர் அன்று.

இவர்கள் எல்லாரையும் ஓரமாக உட்கார வைத்த ஒருவர் 2009-ல் வந்தார். ஜார்ஜியோ பெட்ரோசியன். ஆர்மீனியாவின் யெரெவானில் பிறந்து, சிறுவயதில் இத்தாலிக்கு அகதியாகப் போனவர். கோரிட்சியா ஊரில் வளர்ந்தவர். பட்டப்பெயர் 'டாக்டர்'. இடக்கை ஆட்டக்காரர். அவருடைய சண்டையை முதலில் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ரத்தமில்லை, ஆவேசமில்லை. எதிராளி உதைத்தால் காலைத் தூக்கிக் கணைக்காலில் வாங்குவார், குத்தினால் அரை அடி பின்னால் சாய்வார், அந்த இடைவெளியில் ஒரு நேர் இடதுகை. பிறகு நகர்ந்துவிடுவார். அவ்வளவுதான். ஒரே இரவுப் போட்டிக்கு இதைவிடச் சிக்கனமான ஆட்டம் கிடையாது. அடி வாங்காதவருக்கு மூன்றாவது சண்டையும் முதல் சண்டை மாதிரிதான். 2009 இறுதியில் சௌவரை வென்றார். 2010-ல் ஜப்பானின் நெட்டை ஆள் யோஷிஹிரோ சாட்டோவை வென்று, மேக்ஸில் அடுத்தடுத்த ஆண்டுகளில் பட்டத்தைக் காத்த முதல் ஆள் ஆனார். இரண்டும் நடுவர் தீர்ப்பு, இரண்டிலும் எந்த நெருடலும் இல்லை.

அவரை யாருமே தொட முடியாது என்று நினைத்திருந்தபோது 2013 நவம்பரில் நியூயார்க்கில் குளோரியின் நால்வர் போட்டி. அரையிறுதியில் சுரினாமைச் சேர்ந்த ஆண்டி ரிஸ்டி மூன்றாவது ரவுண்டில் பெட்ரோசியனை நாக்அவுட் செய்தார். அந்தச் சூட்டிலேயே இறுதியில் ராபின் வான் ரோஸ்மாலனையும் நாக்அவுட். உலகின் முதல் இரண்டு இடங்களில் இருந்தவர்களை ஒரே இரவில். இப்படி ஒரு இரவு ஒரு மனிதனுக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தால் பெரிது. மாதக்கணக்கில் இழுக்கும் போட்டியில் இந்த மின்னல் அடிக்காது. ஒரே இரவு வடிவத்தின் மேல் எனக்கு இருக்கும் மோகத்துக்கும் இதுவே காரணம்.

இனி நியாயமா என்ற கேள்வி. யார் சிறந்தவர் என்று கண்டுபிடிக்கும் கருவியாக எடுத்துக்கொண்டால், ஒரே இரவுப் போட்டி சரியான தராசு அல்ல. ஹெவிவெயிட்டில் இதன் உச்சக்கட்டக் கூத்து 2002 டிசம்பரில் நடந்தது. எர்னஸ்டோ ஹூஸ்ட் காலிறுதியில் பாப் சாப்பிடம் தோற்றார். ஜெயித்த சாப்புக்குக் கை உடைந்து ஆட முடியாமல் போகவே, தோற்ற ஹூஸ்ட்டையே மறுபடி அழைத்தார்கள். அவர் ரே செஃபோவைத் தாண்டி, இறுதியில் ஜெரோம் லே பானரையும் வென்று, தன் நான்காவது கே-1 பட்டத்தோடு வீட்டுக்குப் போனார். காலிறுதியில் தோற்றவர் சாம்பியன். விதிப்படி எல்லாம் சரி. மாற்று ஆட்டக்காரர் வைத்திருப்பதே இதற்காகத்தான். ஆனால் இதைப் பார்த்து 'அன்று ஹூஸ்ட்தான் எல்லாரையும்விட மேல்' என்று சொல்ல முடியுமா?

தலை சம்பந்தப்பட்ட ஆபத்து இன்னும் கனமானது. தொடை வீக்கம் இரண்டு வாரத்தில் வற்றிவிடும். மூளை அதிர்ச்சி வேறு விஷயம். மூளை அதிர்ச்சி இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே அந்த வீரர் அதே நாளில் திரும்ப இறங்கக் கூடாது என்பது இன்று விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாக ஏற்ற நிலை. காலிறுதியில் ஒருமுறை விழுந்து எழுந்து வென்றவர், ஒருமணி நேரம் கழித்து அரையிறுதிக்கு வருகிறார். இடையில் மருத்துவர் பார்க்கிறார், உண்மை. ஆனால் பட்டம் இரண்டு படி தூரத்தில் நிற்கும்போது எந்த வீரன் 'தலை சுற்றுகிறது' என்று வாயைத் திறப்பான்? ரசிகனாக எனக்கு இந்த வடிவம் வேண்டும். அந்த வீரனின் வீட்டு ஆளாக இருந்தால் வேண்டவே வேண்டாம் என்பேன். இரண்டையும் ஒன்றாக்க எனக்குத் தெரியவில்லை.

மாற்று வழி இருக்கிறது, பார்த்தும் விட்டோம். 2019-ல் ஒன் சாம்பியன்ஷிப் இதே 70 கிலோ ஆட்களை வைத்து நடத்திய தொடரை மே முதல் அக்டோபர் வரை பரப்பியது. பெட்ரோசியனுக்கு முதல் சண்டையே தகராறு. எதிராளியான தாய்லாந்தின் பெட்ச்மொராகோட் வென்றதாக முதலில் அறிவித்து, கிளிஞ்ச் விதிமீறல் என்று பிறகு அதை ரத்து செய்து, ஜூலையில் மறுபடி ஆட வைத்தார்கள். பெட்ரோசியன் வென்றார். ஆகஸ்டில் ஜோ நட்டாவூட்டை முதல் ரவுண்டில் நாக்அவுட். அக்டோபர் 13, டோக்கியோவில் பிரான்சின் சாமி சனாவைத் தீர்ப்பில் வென்று பத்து லட்சம் டாலரை எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு சண்டைக்கும் முழுப் பயிற்சி, எதிராளியைப் படிக்க அவகாசம், உடம்பு தேறக் காலம். யார் சிறந்தவர் என்று கேட்டால் இதுவே நேர்மையான பதில் தரும். ஆனால் அந்த இறுதியை நினைத்துப் பார்க்கும்போது என் மனதில் பரிசுத்தொகைதான் முதலில் வருகிறது. மசாட்டோ நாற்காலியிலிருந்து எழாமல் போன காட்சி போல எதுவும் தங்கவில்லை.

கடைசியாக, அடுத்த முறை இப்படி ஓர் இறுதிப்போட்டியைப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது என்று சொல்லிவிடுகிறேன். முகத்தைப் பார்க்காதீர்கள், வலியை மறைப்பதில் அவர்கள் எல்லாருமே நடிகர்கள். முன்காலைப் பாருங்கள். முதல் முப்பது விநாடியில் எதிராளியின் லோ கிக்குக்கு அந்தக் கால் மேலே எழுகிறதா, இல்லை அப்படியே நின்று வாங்குகிறதா? எழவில்லை என்றால் ஒன்று தூக்க முடியவில்லை, இல்லை மற்றொரு காலில் எடை தாங்க முடியவில்லை. வழக்கமாக இடதுகாலை முன்னே வைப்பவர் திடீரென்று வலதுகாலை முன்னே வைத்தால் சாமர்த்தியம் என்று வர்ணனையாளர் சொல்லுவார், பெரும்பாலும் அது ஒளித்து வைக்கும் முயற்சி. குத்தும்போது பின்காலின் குதிகால் திரும்புகிறதா என்றும் பாருங்கள். திரும்பாத குத்து கையின் குத்து மட்டும்தான், உடம்பு பின்னால் வராது. அப்புறம் முதல் இடைவேளையில் கார்னர் ஆட்கள் ஐஸை எங்கே வைக்கிறார்கள் என்பது. வீரர் மறைப்பதை அவர்கள் மறைக்க முடியாது.

2007 இறுதியை இப்படி இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள், ஒலியை அணைத்துவிட்டு. பிறகு காலிறுதிக்குப் போய், புவாக்காவின் உதைகளில் எத்தனை மசாட்டோவின் தொடையில் இறங்கின என்று எண்ணுங்கள்.